இந்தியன் ஏர்லைன்ஸ் மாடல்கள்: கடற்காற்று வீசும் ஊரில் ஒரு சேகரிப்பு

மாடல் விமானம் சேகரிக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மாடலை வாங்கிவிடுகிறார்கள். அதை எங்கே வைப்பது என்று அடுத்து யோசிக்கிறார்கள். அந்த விமானத்தைப் பற்றிப் படிப்பது கடைசியில்தான், பல சமயம் ஏமாந்த பிறகு. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படிச் செய்தால் இரட்டை நட்டம். தவறான மாடல் வந்துசேரும்; வந்த மாடலும் உப்புக்காற்றிலும் ஓதத்திலும் கெடத் தொடங்கும். அதனால் இந்த அத்தியாயத்தில் வரிசை வேறு: முதலில் விமானத்தை அறிவது, அடுத்து அலமாரி, அதன் பிறகே வாங்குவது.

நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நமக்கு விமானம் என்றால் திருவனந்தபுரம்தான். 1935-இல் டாடா ஏர்லைன்ஸின் சிறு விமானம் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியபோது நாஞ்சில் நாடும் திருவிதாங்கூரின் பகுதிதான். பிற்பாடு சென்னைக்கும் கொழும்புக்கும் மாலேக்கும் அங்கிருந்து நம்மவர்களை ஏற்றிச் சென்றது இந்தியன் ஏர்லைன்ஸ். அந்தப் பெயர் இன்று எந்த விமானத்தின் உடலிலும் இல்லை. குளச்சலிலும் மார்த்தாண்டத்திலும் பல வீடுகளில் முதல் விமானப் பயணம் ஆரஞ்சு வால் கொண்ட விமானத்தில்தான் நடந்தது. சேகரிக்க இதைவிட நெருக்கமான விமான நிறுவனம் நமக்கு வேறில்லை.

முதல் கட்டம்: எதைச் சேகரிக்கப் போகிறீர்கள்?

1953-இல் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டப்படி எட்டுத் தனியார் நிறுவனங்களை இணைத்து உருவானது இந்தியன் ஏர்லைன்ஸ். பறக்கத் தொடங்கியது அதே ஆண்டு ஆகஸ்ட் 1. தொடக்கத்தில் அதன் முதுகெலும்பு 74 டகோட்டாக்கள். 1957-இல் வைக்கவுன்ட், 1961-இல் ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப், 1964-இல் முதல் ஜெட்டான காரவெல், 1967-இல் கான்பூரில் எச்.ஏ.எல். கட்டிய ஆவ்ரோ, 1970-களின் தொடக்கத்தில் போயிங் 737-200, 1976-இல் ஏர்பஸ் ஏ300, 1989-இல் ஏ320 என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2005 டிசம்பரில் பெயர் ‘இந்தியன்’ என்று சுருங்கியது. வாலில் கோனார்க் சக்கரத்தை நினைவூட்டும் நீலச் சக்கரம் வந்தது. 2007-இல் ஏர் இந்தியாவோடு இணைப்பு. 2011 பிப்ரவரியில் ஐ.சி. என்று தொடங்கும் விமான எண்ணும் நின்றது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த வரலாறு முழுவதையும் சேகரிக்க முயன்றால் பாதியில் பணமும் ஆர்வமும் தீர்ந்துபோகும். கீழ்க்கண்ட வரிசையில் வட்டத்தைச் சுருக்குங்கள்.

1. ஒரு நோட்டில் உங்கள் குடும்பத்தினர் ஏறிய விமானப் பயணங்களை எழுதுங்கள். ஆண்டு, புறப்பட்ட ஊர், போன ஊர். வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். “வால் என்ன நிறம், விசிறி இருந்ததா, உள்ளே ஒரு நடைபாதையா இரண்டா?” என்ற கேள்விகள் போதும். விசிறி இருந்தால் ஆவ்ரோவாகவோ ஃபோக்கராகவோ இருக்கலாம். இரண்டு நடைபாதை என்றால் ஏ300.
2. அந்தப் பட்டியலிலிருந்து ஒரு காலத்தைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்களுக்கு 1976 முதல் 2005 வரையிலான ஜெட் காலம் நல்லது. 737-200, ஏ300, ஏ320 என்ற மூன்றே வகையில் ஒரு நிறைவான அலமாரி அமைந்துவிடும்.
3. ஒரே அளவை முடிவுசெய்யுங்கள் (கீழே பார்க்க).
4. ‘கட்டாயம் வேண்டும்’, ‘கிடைத்தால் நல்லது’ என்று இரண்டு பட்டியல் போடுங்கள். முதல் பட்டியல் ஐந்தைத் தாண்ட வேண்டாம்.

எந்த அளவு?

1:400 என்றால் உண்மையான விமானத்தின் நானூறில் ஒரு பங்கு. ஏ320 37.57 மீட்டர் நீளம். 1:400-இல் அது 9.4 செ.மீ., 1:200-இல் 18.8 செ.மீ., பிளாஸ்டிக் கிட்டுகளில் வழக்கமான 1:144-இல் 26 செ.மீ. ஏ300 53.6 மீட்டர், 1:400-இல் 13.4 செ.மீ., 1:200-இல் 26.8 செ.மீ. டகோட்டா 1:400-இல் 5 செ.மீ. கூட வராது, கண்ணில் நிற்காது.

ஜெமினி ஜெட்ஸ், ஃபீனிக்ஸ், ஜே.சி. விங்ஸ், ஏரோகிளாசிக்ஸ், என்.ஜி. மாடல் ஆகியவை 1:400 உலோக மாடல்களுக்குப் பெயர்பெற்றவை. ஹெர்ப்பா 1:500-இலும் 1:200-இலும் செய்கிறது. இன்ஃப்ளைட் 200 நிறுவனத்துக்குப் பெயரிலேயே அளவு இருக்கிறது. எந்த நிறுவனம் இந்தியன் ஏர்லைன்ஸின் எந்த விமானத்தை எப்போது வெளியிட்டது என்பதை வாங்குமுன் தேடி உறுதிசெய்யுங்கள். இவை குறைந்த எண்ணிக்கையில் வருபவை. ஒருமுறை தீர்ந்தால் மறுபடி வராமலே போகலாம்.

என் பரிந்துரை 1:200. இடம் அதிகம் பிடிக்கும், விலையும் கூடும். ஆனால் இந்தியன் ஏர்லைன்ஸின் விமானங்களுக்கே உரிய ஓர் அடையாளம் சக்கரத்தில் இருக்கிறது. 1:400-இல் அதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். அந்த அடையாளம் என்ன என்பது மூன்றாம் கட்டத்தில் வருகிறது.

இரண்டாம் கட்டம்: மாடலுக்கு முன் அலமாரி

நம் மாவட்டத்தில் மழை இரண்டு பருவம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து. முட்டம், மணக்குடி, குளச்சல் பக்கம் ஆண்டு முழுக்க உப்புக்காற்று. ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்றோடு மண்ணும் வரும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக் குளிர் ஈரம். எந்த ஊர் என்பதைப் பொறுத்து எதிரி மாறும். மருந்து ஒன்றுதான், காற்றுப் புகாத கண்ணாடி அலமாரி.

1. சுவரைத் தேர்ந்தெடுங்கள். வீட்டின் உட்சுவர் நல்லது. மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். ஓட்டு வீடு என்றால் ஒழுகும் வரியின் கீழே இல்லை என்பதை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்து உறுதிசெய்யுங்கள். சுவருக்கும் அலமாரிக்கும் இடையில் இரண்டு அங்குலம் விடுங்கள்.
2. அடுப்படியும் பூஜை அறையும் அருகில் வேண்டாம். எண்ணெய்ப் புகை, சாம்பிராணி, கொசுவர்த்திப் புகை மூன்றும் வெள்ளைப் பெயின்டைப் பழுப்பாக்கும். இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தின் உடல் பெரும்பாலும் வெள்ளை. இந்தச் சேகரிப்பில் முதலில் தெரியும் கேடு அதுதான்.
3. வெயில் படக் கூடாது. மேற்குச் சன்னல் வழியே வரும் மாலை வெயில் ஆரஞ்சு நிறத்தை வெளுக்கவைக்கும், ஒட்டுப்படங்களை மஞ்சளாக்கும்.
4. தட்டின் ஆழம் 30 செ.மீ. 1:200 ஏ300-இன் இறக்கை 22.4 செ.மீ., நீளம் 26.8 செ.மீ. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அடங்கும்.
5. கதவு ஓரமெல்லாம் ரப்பர் பீடிங். ஆசாரியிடம் சொல்லும்போது “கண்ணாடிக் கதவு, ஓரத்துக்கு பீடிங், பின்பலகையில் இடைவெளி கூடாது” என்று மூன்றையும் சொல்லுங்கள். பின்பலகையை மறந்துவிடுவார்கள், பல்லி அந்த வழியாகத்தான் வரும்.
6. வார்னிஷ் வாடை போகும்வரை காத்திருங்கள். புதுப் பலகை, பசை, வார்னிஷ் எல்லாம் ஆவி விடும். ஒரு மாதமாவது கதவைத் திறந்துபோட்டு வைத்து, வாடை முழுதும் போன பிறகு மாடலை ஏற்றுங்கள்.
7. விளக்கு எல்.இ.டி. மட்டும். அதன் அடாப்டர் அலமாரிக்கு வெளியே இருக்கட்டும். ஐப்பசி இடியின்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஈரத்தை அளப்பது எப்படி

சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். மலிவானவை தவறாகக் காட்டும் என்பதால் முதலில் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, அது கூழாகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி 5 குறைவாகச் சொல்கிறது. அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலமாரிக்குள் 45 முதல் 55 சதவீதம் நல்லது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்க வழி. சிலிக்கா ஜெல் பைகளைத் தட்டுக்குத் தட்டு வையுங்கள். ஈரம் உறிஞ்சினால் ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகையை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் உப்பு உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. ஈரமேறிய ஜெல்லை வெயிலில் காயவைத்தால் போதாது. 110–120 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் ஓவனில் வைக்க வேண்டும். அதற்கென்று ஒரு தட்டைத் தனியாக ஒதுக்குங்கள். அந்தத் தட்டு மறுபடி சமையலுக்கு வரக் கூடாது.

கவனம்: அலமாரிக்குள் பாச்சா உருண்டையும் கற்பூரமும் வைக்கவே கூடாது. துணிப்பெட்டியில் வைத்துப் பழகியவர்கள் பூச்சிக்கு என்று மாடல்களோடும் போடுகிறார்கள். அவற்றின் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும், பெயின்டைப் பிசுபிசுப்பாக்கும். கெட்டதைச் சரிசெய்யவும் முடியாது.

மூன்றாம் கட்டம்: சரியான மாடலா? பார்க்க வேண்டிய இடங்கள்

தயாரிப்பாளர்கள் ஒரே அச்சில் பல நிறுவனங்களின் நிறத்தை அடித்து விற்பதுண்டு. நிறம் சரியாக இருக்கும், விமானம் வேறாக இருக்கும். இங்கேதான் உங்கள் படிப்பு பணத்தைக் காப்பாற்றும்.

*ஏ320.* உலகின் மற்ற ஏ320-களில் பிரதானச் சக்கரக் காலுக்கு இரண்டு சக்கரம்தான். இந்தியன் ஏர்லைன்ஸ் 1989 முதல் வாங்கியவற்றில் ஒவ்வொரு பிரதானக் காலிலும் நான்கு சக்கரம், முன்னும் பின்னும் இரண்டிரண்டாக. வலுக் குறைந்த ஓடுபாதைகளில் எடையைப் பரப்பி இறக்குவதற்காக இந்நிறுவனம் இப்படிக் கேட்டு வாங்கியது. இரண்டு சக்கரத்தோடு ‘இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320, 1990’ என்று யாராவது விற்றால் அது பொது அச்சில் அடித்தது. பிற்காலத்தில் வாடகைக்கு எடுத்தவையும் புதிதாக வாங்கியவையும் இரண்டு சக்கரத்தோடு பறந்தன. எனவே பதிவெண்ணைப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

அடுத்தது இன்ஜின். அந்த முதல் தொகுதி ஏ320-231 வகை, இன்ஜின் ஐ.ஏ.இ. நிறுவனத்தின் வி2500. அதன் உறை முன்னிருந்து பின்வரை ஒரே வழவழப்பான நீண்ட உருளை. இன்னொரு வகையான சி.எஃப்.எம். இன்ஜினில் வெளியுறை குட்டையாக முடிந்து, உள்குழாய் பின்னால் தனியாக நீட்டியிருக்கும். படத்தில் பத்து நொடி பார்த்தால் தெரிந்துவிடும்.

*ஏ300.* இந்நிறுவனம் ஓட்டியவை பி2, பி4 வகைகள். இறக்கை நுனியில் சிறு செங்குத்துத் தகடு கிடையாது. தகடு இருந்தால் அச்சு பிற்கால ஏ300-600 உடையது.

*737-200.* இன்ஜின் இறக்கைக்குக் கீழே ஒட்டினாற்போல் மெலிந்த நீண்ட குழாய். பருத்த இன்ஜின் இருந்தால் அது 737-300 அல்லது அதற்குப் பிந்தைய அச்சு.

*நிறமும் எழுத்தும்.* வெள்ளை உடல், அடியில் வெளிர் சாம்பல், ஆரஞ்சு வாலில் வெள்ளைச் சின்னம். உடலின் ஒரு பக்கம் ஆங்கிலப் பெயர், மறுபக்கம் இந்திப் பெயர். இரு பக்கமும் ஒரே மொழி என்றால் ஒதுக்குங்கள். 2003-இல் பொன்விழாவுக்காக ‘பறப்பில் 50 ஆண்டுகள்’ என்ற பொருளில் பொன்னிற ஆங்கில வாசகம் பல விமானங்களில் இருந்தது. அந்த வாசகம் உள்ள மாடலை 1990-ஆம் ஆண்டு விமானம் என்று எழுதி விற்றால் விற்பவருக்கு விவரம் தெரியவில்லை என்று பொருள்.

*பதிவெண்.* வி.டி. என்று தொடங்கும் எழுத்துக்கோவை. அதை உண்மையான விமானப் புகைப்படங்களோடு ஒப்பிடுங்கள். சில எண்களுக்குப் பின்னால் துயரம் உண்டு. வி.டி.-இ.பி.என். 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் விழுந்து 92 பேர் இறந்த ஏ320. வி.டி.-இ.டி.டபிள்யூ. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து தில்லி வரும் வழியில் கடத்தப்பட்டுக் காந்தகாருக்குக் கொண்டுபோகப்பட்ட ஏ300. இவற்றை அலமாரியில் வைப்பது தவறில்லை. ஆனால் குறிப்பட்டையில் நடந்ததை எழுதி, இறந்தவர்களுக்குரிய மரியாதையோடு வையுங்கள். விற்பவர் அந்த எண்ணைச் சொல்லி விலையை ஏற்றினால் நகர்ந்துவிடுவது நல்லது.

நான்காம் கட்டம்: எங்கே, எப்படி வாங்குவது

முதலில் உள்ளூர். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் ஊர்களில் வளைகுடாப் பயணச்சீட்டு விற்ற பழைய டிராவல் ஏஜென்சிகளின் அலமாரி மேல் பெரிய மாடல்கள் தூசி பிடித்துக் கிடப்பதுண்டு. விமான நிறுவனங்கள் விளம்பரத்துக்காகக் கொடுத்தவை அவை. பிசினிலோ மரத்திலோ செய்தவை. நேரில் போய், “அண்ணாச்சி, மேல இருக்க பழைய பிளேன் மாடலக் குடுக்கிற எண்ணம் உண்டா?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாளே விலை பேச வேண்டாம். எப்போது கிடைத்தது, யார் கொடுத்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த விவரமும் மாடலின் மதிப்பில் பாதி. அப்படிக் கிடைத்ததை மறுபடி பெயின்ட் அடிக்காதீர்கள். உடைந்த இறக்கையை மட்டும் எபாக்சி பசையால் ஒட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

தொலைவிலிருந்து வாங்கும்போது:

1. படங்கள் கேளுங்கள்: இரு பக்கம், மேல், அடி, மூக்கு, வால், சக்கரம், பெட்டியின் ஒட்டுச்சீட்டு. அடிப்பக்கப் படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.
2. பழைய உலோக மாடல் என்றால் இறக்கை உடலோடு சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு, பெயின்ட் அடியில் கொப்புளம், இறக்கை வளைவு ஆகியவை துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கலப்பு இருந்ததன் அடையாளம். உலோகம் உள்ளிருந்தே உப்பி உதிரும். ஈரம் அதை வேகப்படுத்தும். இதற்கு மருந்து கிடையாது. பக்கத்து மாடலுக்குத் தொற்றாது, ஆனால் அதே தயாரிப்புத் தொகுதியில் வந்த மற்றவையும் கெட வாய்ப்பு அதிகம்.
3. ஏற்கெனவே விற்று முடிந்த விலைகளைத் தேடிப் பாருங்கள். கேட்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு.
4. முன்பின் தெரியாதவருக்கு முழுத் தொகையையும் யு.பி.ஐ.யில் முன்கூட்டி அனுப்ப வேண்டாம். வாங்குபவருக்குப் பாதுகாப்பு தரும் தளம் வழியே கொடுங்கள்.
5. பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டச் சொல்லுங்கள். பிரிக்கும்போது கூரியர் சீட்டு தெரியத் தொடங்கி முழுவதையும் வீடியோ எடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். மாடல்கள் 14 வயதுக்கு மேற்பட்டோருக்கான சேகரிப்புப் பொருள் என்று பெட்டியில் இருந்தாலும் சுங்கத்தில் பொம்மையாகக் கணக்கிட்டு நிறுத்தக்கூடும். ஆர்டர் போடும் முன் அன்றைய விதியைப் பாருங்கள். மாடல் விலை, அனுப்பும் செலவு, வரி மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ‘பரிசு’ என்று எழுதி அனுப்பச் சொல்வது உதவாது. 2019 டிசம்பரிலிருந்து கூரியர், தபால் வழிப் பரிசு இறக்குமதிக்கான சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. பொய் விலை எழுதுவது குற்றம், பொருளும் போகும்.

துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் மாமா மகன் ஊருக்கு வரும்போது கொண்டுவருவது பலர் செய்யும் வழி. பயணப் பெட்டிக்கும் வரம்பு உண்டு என்பதால் ரசீதை உடன் வைக்கச் சொல்லுங்கள். மாடலைக் கைப்பையில் கொண்டுவர வேண்டும். விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் போட்டால் வால் உடைந்து வரும். உலோகம் எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரியும், திறந்து காட்டச் சொல்லலாம். அதனால் பெட்டியை டேப் போட்டு இறுக்கிச் சுற்ற வேண்டாம்.

ஐந்தாம் கட்டம்: பிரிப்பதும் கையாள்வதும்

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள், அல்லது நைட்ரில் கையுறை போடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய கை கூடாது.
2. மேசைமேல் தடித்த துண்டை விரித்து அதன்மேல் பிரியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.
3. உடலின் நடுப்பகுதியை இரு விரலால் பிடியுங்கள். இறக்கை, வால், இன்ஜின் மூன்றையும் பிடித்துத் தூக்கக் கூடாது. முதுகிலும் வயிற்றிலும் உள்ள ஆன்டெனா ஊசிகள் மிக எளிதில் முறியும்.
4. சக்கரங்கள் தனியாக வந்தால் பிளாஸ்டிக் இடுக்கியால் பொருத்துங்கள். இறுக்கமாக இருந்தால் அழுத்தாதீர்கள். துளையில் பெயின்ட் அடைத்திருக்கும், பல்குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள்.
5. பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் உள்ளே பழைய பஞ்சு நுரை இருந்தால் அதை மாற்றுங்கள். பொடிந்து பெயின்டில் ஒட்டும். அமிலமில்லாத வெள்ளைத் தாளைச் சுற்றி வையுங்கள். காலிப் பெட்டிகளைத் தரையில் அடுக்கினால் சிதலும் ராமபாணப் பூச்சியும் வந்துவிடும். மச்சில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

குறிப்பு: மென்மையான ரப்பர் சக்கரங்கள் பிளாஸ்டிக் தட்டில் நீண்ட நாள் இருந்தால் இரண்டும் வேதிவினையால் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தின் கீழ் சிறு கண்ணாடித் துண்டு வையுங்கள்.

சுத்தம் செய்தல்

மாதம் ஒருமுறை போதும். வரிசை முக்கியம். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். அடுத்து ஆட்டு முடித் தூரிகையால் மூக்கிலிருந்து வால் நோக்கித் தட்டுங்கள். கடலோர வீடுகளில் தூசியோடு உப்புத் துகளும் இருக்கும். அதைத் தட்டாமல் துணியால் துடைத்தால் பெயின்டில் கீறல் விழும். பல்லி எச்சம் பட்டிருந்தால் உடனே, காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த குச்சியால் ஈரத்தையும் எடுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவம், ஸ்பிரிட், தின்னர் எதுவும் கிட்டே வரக் கூடாது. பதிவெண் எழுத்து அப்படியே வந்துவிடும்.

கிடைக்காததை நீங்களே கட்டுதல்

எல்லாம் உலோகத்தில் கிடைக்காது. டகோட்டாவுக்கும் ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப்புக்கும் ஏர்ஃபிக்ஸ் 1:72 கிட்டுகள் வந்திருக்கின்றன. காரவெல், 737, ஏ300 ஆகியவற்றுக்கு அதே நிறுவனத்தின் பழைய 1:144 கிட்டுகள். ஏ320-க்கு ரெவல் 1:144. நான்கு சக்கரக் காலை வேறொரு கிட்டின் உபரிச் சக்கரங்களால் நீங்களே சேர்க்க வேண்டியிருக்கும். வாங்கிய மாடல் எதுவும் தராத நிறைவு அந்த ஒரு வேலையில் உண்டு.

1. பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டுமுன் இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.
2. கத்தியை எப்போதும் உடலுக்கு வெளிப்புறமாக ஓட்டுங்கள். மழுங்கிய கத்திதான் விரலை வெட்டும். அலகை மாற்றிக்கொண்டே இருங்கள்.
3. பசை, தின்னர், ஸ்பிரே மூன்றையும் சன்னல் திறந்த இடத்தில், விளக்கும் அடுப்பும் இல்லாத இடத்தில் பயன்படுத்துங்கள். பிசின் பாகத்தை உப்புத்தாளால் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்து முகமூடி அணியுங்கள்.
4. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிய நாளில் ஸ்பிரே அடிக்காதீர்கள். காய்கிற பெயின்டில் பனிபோல் வெள்ளை படரும். மாசி, பங்குனி முற்பகல் நல்ல நேரம். ஆனி, ஆடியில் வெட்டுதல், ஒட்டுதல், தேய்த்தல் வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள்.
5. வாலுக்கு ஆரஞ்சு அடிக்குமுன் வெள்ளை அடிப்பூச்சு கட்டாயம். சாம்பல் மேல் அடித்தால் ஆரஞ்சு அழுக்காகத் தெரியும். மெல்லிய பூச்சாக மூன்று முறை, இடையில் காயவிட்டு.
6. ஒட்டுப்படத்துக்கு முன் பளபளப்புப் பூச்சு. படத்தை நீரில் நனைத்து, தானாக நகரும்வரை காத்திருந்து, உடலில் ஈரத்தின் மேல் வழுக்கி வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை ஒற்றி எடுங்கள்.
7. சன்னல் கண்ணாடிகளுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை. ஃபெவிகுவிக் வகை பசையின் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படியும். அது விரல்களை ஒட்டிவிட்டால் பிய்க்காதீர்கள். இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரியுங்கள்.

குழந்தைகள் உள்ள வீடு: சக்கரம், ஆன்டெனா, இன்ஜின் முனை எல்லாம் தொண்டையில் சிக்கும் அளவு. அலமாரிக்குப் பூட்டு போடுங்கள், சுவரோடு எல்-ஆணியால் இறுக்குங்கள். தொட்டு விளையாட ஒரு மலிவான மாடலைத் தனியாக அவர்களுக்கே கொடுங்கள்.

ஆறாம் கட்டம்: காகிதமும் பதிவேடும்

மாடலுக்குப் பக்கத்தில் வைக்க உகந்தவை அந்தக் காலக் காகிதங்கள்: கால அட்டவணை, பாதுகாப்பு விளக்க அட்டை, ‘ஸ்வாகத்’ இதழ், சிவப்புக் கார்பன் பூசிய பயணச்சீட்டு. பல வீடுகளில் இரும்புப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டோடு கிடக்கும். வெப்ப அச்சில் வந்த போர்டிங் பாஸ் சில ஆண்டுகளில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். கிடைத்த அன்றே ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் செய்யக் கூடாது. சூட்டில் வெப்பத்தாள் முழுக்கக் கறுத்துவிடும், மற்றக் காகிதத்தையும் பிறகு பிரிக்க முடியாது. பாலிப்ரொப்பிலீன் உறையில் தட்டையாக வையுங்கள். ஸ்கேனில் பாஸ்போர்ட் எண், முகவரி தெரிந்தால் பிறருக்குக் காட்டுமுன் மறையுங்கள்.

பதிவேட்டில் ஒரு மாடலுக்கு ஒரு பக்கம். தயாரிப்பாளர், அளவு, பதிவெண், அது குறிக்கும் ஆண்டு, வாங்கிய தேதி, விலை, யாரிடமிருந்து, உள்ள குறைகள், வந்த அன்று எடுத்த நான்கு படங்கள். அடுத்த வரியில் அந்த வகை விமானத்தில் உங்கள் குடும்பத்தில் யார், எப்போது, எங்கே போனார்கள் என்பது. 1985-இல் அப்பா திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்குப் போனார் என்றால் அதை இந்தப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். அவரே தன் கையால் எழுதினால் இன்னும் நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்தில், பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாடலையும் இறக்கி, வந்த அன்று எடுத்த படத்தோடு இறக்கை இணைப்பை ஒப்பிடுங்கள். புதிய வெடிப்போ கொப்புளமோ தெரிந்தால் தேதியோடு எழுதி, அந்த மாடலை இன்னும் உலர்ந்த தனி டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.